பக்கத்து ஆசனத்துப் பிறேக்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பத்து வருடமாகக் கார் ஓட்டப் பழக்கிவந்த தியாகராஜாவை அவரிடம் பழகியவர்கள் எல்லாரும் 'மாஸ்ரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவர். 1983இல் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி, கார் கொண்டுவருகிறவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து, 'இவங்களுக்கு ஏலுமெண்டால் எனக்கு ஏலாதோ' என்று வீம்புக்கு லைசென்ஸ் எடுத்தார். அந்த வீம்பு குறையும் முன்னரே பயிற்றுநர் பத்திரத்தையும் எடுத்துவிட்டார். லைசென்ஸ் ரெஸ்ற்றை முதல் தரமே பாஸ் பண்ணியதாகத்தான் மாணவர்களிடம் சொல்லுவார். நாலாம் தரம்தான் பாஸ் என்பது அவருடைய மனைவி வசந்தமலருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இதையும் சேர்த்து எழுதும்படி சொன்னவர் தியாகராஜாவேதான். தன்னைப் பற்றிய கதையில் தன்னைக் காப்பாற்றினால் கதை நன்றாக இராது என்பது அவருடைய கட்சி.

"பார்க்கிங்கில இருந்து அப்டன் பார்க் மட்டும் தமிழ் ஆக்கள் ஓடுற காரில பாதியை றோட்டில விட்டது நான்தான்" என்று கல்யாண வீடுகளில் அவர் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் வசந்தமலர், "அதுதான் அந்த றோட்டில இந்த நெரிசல்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்து, "அப்ப நீங்கள் இன்னும் லைசென்ஸ் எடுக்கேல்லையோ?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு தியாகராஜாவுக்குச் சாப்பாடு இறங்காது.

ஊரையே ஓட்டப் பழக்கிய மாஸ்ரரின் மனைவி ஐந்து தரம் ரெஸ்ற்றில் தோற்றிருந்தாள். தியாகராஜா ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். முதல் தரம் மழை, இரண்டாம் தரம் லொறி, மூன்றாம் தரம் பரீட்சகரின் முகம். நாலாம் தரத்துக்கு நாளும் கோளும். ரெஸ்ற் நாள் காலையில் தன் மாணவர் எல்லாருக்கும் நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்புவது அவர் வழக்கம். ஐந்தாம் தரம் வசந்தமலருக்கு மட்டும் எட்டு வைத்தார். சில்லுகள் எல்லாம் மணக்க மணக்கப் போய்த் தோற்று வந்தாள். பரீட்சகரின் தாளில் மட்டும் ஐந்து தரமும் ஒரே காரணம்தான் இருந்தது: நேரத்துக்குப் பிறேக் பிடிக்கவில்லை, பயிற்சிக் காரில் பக்கத்து ஆசனத்துக்கென்று உள்ள இரண்டாவது பிறேக்கைப் பரீட்சகரே மிதிக்க வேண்டி வந்தது. அந்தத் தாளைத் தியாகராஜா சரியாக வாசித்ததில்லை. வாசிக்க முதலே ஏசத் தொடங்கிவிடுவார்.

1998 புரட்டாதியில் வசந்தமலருக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் கவுன்சிலின் முதியோர் பகல் நிலையத்தில் சமையல் உதவியாளாக ஏழு வருடம் வெங்காயம் உரித்தவள். இனி அங்கே வர முடியாத முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க, தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் தேவை, அவளைத் தெரிவு செய்திருக்கிறோம் என்றது கடிதம். மார்கழியில் வேலை தொடங்கும், ஆனால் அதற்குள் லைசென்ஸ் வேண்டும். அவள் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் தியாகராஜா அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறாவது ரெஸ்ற் கார்த்திகை மாதம் பத்தொன்பதாம் தேதி.

இந்த நேரத்தில்தான் கிருஷ்ணமூர்த்தி வந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை, தியாகராஜாவிடம் பழகி முதல் தரமே பாஸ் பண்ணியவன். கல்யாணத்துக்காக இரண்டரை மாத லீவில் ஊருக்குப் போவதால், தன் வீடியோ கேம் பெட்டியையும் அதற்கென்று வாங்கிய ஸ்ரியறிங், மிதிகட்டைகளையும் கொண்டுவந்து வரவேற்பறையில் இறக்கினான்.

"ரூம்ல இருக்கற பசங்க உடைச்சிருவாங்க மாஸ்டர். இங்க இருந்தா பத்திரமா இருக்கும்" என்றான். "இது சும்மா விளையாட்டு இல்லை. ரொம்ப ரியலிஸ்டிக். காரோட எடை, டயர் பிடிமானம் எல்லாம் கணக்குப் பண்ணிச் செஞ்சிருக்காங்க. நீங்க ஓட்டிப் பாத்துட்டு மார்க் போடுங்களேன். எனக்குத்தான் எவ்வளவு மார்க் போட்டிருக்கீங்க!"

அவன் பகிடிக்குச் சொன்னதைத் தியாகராஜா பகிடியாக எடுக்கவில்லை. மகள் மான்செஸ்ரரில் படிக்கப் போய்விட்டதால் தொலைக்காட்சிக்குப் போட்டி போட வீட்டில் ஒருவரும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் மாணவர்களுக்கு மார்க் போடும் தாள் ஒன்றை எடுத்துவந்து, மேலே 'கிருஷ்ணமூர்த்தியின் கார்' என்று எழுதி, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அந்த விளையாட்டின் உண்மையான பெயரை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை.

பச்சை விளக்கு விழுந்தது. மற்ற ஐந்து காரும் சீறிக்கொண்டு போயின. தியாகராஜாவின் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் போட்டாங்கள். நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று வசந்தமலர் குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பின்கண்ணாடி பாக்கிறன்."

"பின்னால ஒருத்தரும் இல்லை. எல்லாரும் முன்னால."

அவர் மணிக்கு முப்பது மைலில் இடது ஓரமாகப் போனார். ஓடுறவை ஓடட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் அதே ஐந்து காரும் ஒரு சுற்றை முடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தன. அவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். ஒதுங்கும்போது சிக்னல் போடும் தடியைத் தேடி, ஸ்ரியறிங்குக்குக் கீழே கையால் தடவினார். அப்படி ஒன்று அதில் இல்லை. 'ஆறாம் இடம்' என்று திரை அறிவித்தபோது, வந்தவர்களே ஆறு பேர்தான் என்பதை வசந்தமலர் ஞாபகப்படுத்தினாள்.

இரண்டாம் முறை ரோசத்தோடு மிதித்தார். தொண்ணூறு மைலில் முதல் வளைவுக்குப் போய், வளைவுக்கு நடுவில் பிறேக்கை அழுத்தினார். காரின் பின்பக்கம் வழுக்கி முன்னால் வந்தது. கார் இரண்டு தரம் சுழன்று மணலுக்குள் போய், வந்த திசையைப் பார்த்தபடி நின்றது.

"றோட்டில எண்ணெய் கொட்டியிருக்கு" என்றார்.

"கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடுங்கோ" என்று குசினிக்குள் இருந்து பதில் வந்தது.

அன்றைக்குப் பதினான்கு தரம் அதே வளைவில் அதே மணலுக்குள் போனார். வளைவுக்கு முதல், நேராகப் போகும்போதே பிறேக்கைப் பிடித்து, விட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்று பத்து வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதைப் புத்தகத்தில் வாசித்துச் சொன்னாரே ஒழிய, ஏன் என்று அவருக்கே தெரியாது. நாற்பது மைலுக்கு மேல் போகாத மனிதனுக்கு எப்படித் தெரியும்? பதினைந்தாம் தரம் தான் சொன்னதைத் தானே கேட்டார். கார் வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. தியாகராஜா கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார். நாற்பத்தொன்பது வயதில் இப்படிக் கைதட்டியது தனக்கே வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். ஆனால் கைதட்டல் பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் அரை மணித்தியாலம் கிடைத்தால் வீட்டுக்கு ஓடிவருவார். கேட்டால் 'தொழில் ஆராய்ச்சி' என்பார். மூன்று கிழமை ஆராய்ச்சி செய்து மார்க் தாளை நிரப்பினார்.

பலம் என்ற பக்கத்தில் மனம் நிறைந்துதான் எழுதினார். பிறேக் பிடித்தால் காரின் மூக்கு தாழ்கிறது, எடை முன்னால் போவது தெரிகிறது. மழை பெய்தால் ரயர் வழுக்குகிறது, வழுக்கும் அளவும் நியாயமானது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றலாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு நாலு மடங்கு தூரம் வேண்டும் என்று தான் பாடமாக்கிய கணக்கை இங்கேதான் கண்ணால் கண்டதாக எழுதினார்.

பலவீனம் எழுத இடம் போதாமல் தாளைத் திருப்ப வேண்டி வந்தது. கிளச் இல்லை. ரவுண்டபவுட் இல்லை. ரிவர்ஸில் போய் நிறுத்துகிற வேலை அறவே இல்லை. சீப்ரா கடவை இல்லை, அதைக் கடக்க ஒரு கிழவியும் இல்லை. சுவரில் நூறு மைலில் போய் முட்டினாலும் பெயின்ற்றில் ஒரு கீறல் விழாது. கடைக் கார் நிறுத்துமிடத்தில் தன் காரில் விழுந்த ஒரு விரல் நீளக் கீறலுக்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவருக்கு இது பொறுக்க முடியாத அநியாயம். மற்றக் கார்கள் ஐந்தும் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரித் தங்கள் பாதையிலேயே ஓடுகின்றன, நடுவில் நின்றால் இடித்துத் தள்ளிக்கொண்டு போகின்றன, திரும்பியும் பார்ப்பதில்லை. "அது சரியான லண்டன்தானே, ஏன் பலவீனத்தில எழுதிறியள்?" என்று வசந்தமலர் கேட்டாள்.

ஒரு விஷயத்தை அவர் எழுதவில்லை. பிறேக்கே பிடிக்காமல் வளைவுச் சுவரில் காரைச் சாய்த்து, உரசிக்கொண்டே திரும்பினால் எல்லாரையும் முந்தலாம். அதைச் செய்துதான் ஒருநாள் மூன்றாம் இடம் வந்தார். பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றாலும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பலவீனத்துக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்: 'பக்கத்து ஆசனத்தில் பயிற்றுநருக்குப் பிறேக் இல்லை.' முடிவு: பெயில்.

ரெஸ்ற்றுக்கு மூன்று கிழமை இருக்கையில், ஒரு ஞாயிறு மத்தியானம், வசந்தமலர் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றினாள்.

"வேண்டாம் எண்டு எழுதப் போறன். ஆறாம் தரமும் போய் அவமானப்பட எனக்கு ஏலாது" என்றாள்.

தியாகராஜாவுக்கு ஏசித்தான் பழக்கம், ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. ஏழு வருடம் வெங்காயம் உரித்த கை அந்தக் கடிதத்தை நாலாக மடிப்பதை அவர் பார்த்தார். வாயில் வந்தது இதுதான்:

"இதில ஒருக்கா இருந்து பாரும். இதில முட்டினாலும் ஒருத்தரும் சாகமாட்டினம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தாள். தியாகராஜா தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே தரைவிரிப்பில் வைத்துவிட்டு, காரில் இருக்கிற மாதிரியே அவளுக்கு இடது பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் வளைவு வந்தது. "பிடியும்!" என்று கத்தியபடி வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். தரைவிரிப்பில் பிறேக் இல்லை. கார் நேரே மணலுக்குள் போனது. மறுபடியும் வளைவு, மறுபடியும் மிதித்தார், மறுபடியும் மணல். மூன்றாம் முறை அவர் கால் போய் விழுந்தது தேத்தண்ணிக் கோப்பையில். கோப்பை உடைந்து, சுடுதேத்தண்ணி சப்பாத்தில்லாத காலில் ஊற்றுண்டது. "ஐயோ!" என்று ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடி, குழாய்க்குக் கீழே காலைத் தூக்கிப் பிடித்தார். கழுவுகிற தொட்டிக்குள் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றவருக்கு வரவேற்பறையிலிருந்து ரயர்கள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மணலுக்குள் விழும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிறீச். அதற்குப் பிறகும் மணல் இல்லை.

நொண்டிக்கொண்டு வந்து பார்த்தார். அவள் மூன்றாம் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் போனாப் பிறகு வந்திட்டுது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் சொல்லித் தந்ததுதானே."

"சொல்லித் தந்தனீங்கள். பிடிக்க விடேல்லை." அவள் காரை நிறுத்தினாள், ஓரமாக, அழகாக. "எங்கட காரில எனக்கு முதல் உங்கட கால் விழுந்திடும். நான் மிதிக்கப் போக கார் நிண்டிடும். ரெஸ்ற்றிலயும் அப்பிடித்தான். பிறேக் தானா விழும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். அங்க விழுறது அந்த மனுசன்ர கால்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் பிடிக்கிறனான்."

"இல்லை. பெர்னடெற் சொன்னவ, மாஸ்ரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பாராம், அதாலதான் தனக்குத் துணிவு வந்ததாம்."

பெர்னடெற் அவரிடம் பழகிய நேர்ஸ். அவள் சொன்னது உண்மை. தியாகராஜா எரிகிற காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து யோசித்தார். ஊரார் காரை எடுத்தால் அவர் பயிற்றுநர். வசந்தமலர் காரை எடுத்தால் ஒவ்வொரு பஸ்ஸும் அவளை நோக்கியே வருவதாகத் தோன்றும், காலை அடக்க முடியாது. இதை அவர் பாசம் என்று நினைத்திருந்தார். பரீட்சகர் ஐந்து தரம் எழுதிக்கொடுத்த குறை அவளுடையது அல்ல, தன்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்து தரம் பெயில் ஆனது மாஸ்ரர்தான். பழைய மூன்றையும் சேர்க்காமல்.

"வேண்டாம் எண்டு கடிதம் எழுதாதையும்" என்றார்.

மார்க் தாளை எடுத்து, இரண்டு கோடு போட்ட கடைசிப் பலவீனத்தை வெட்டிவிட்டு, பலம் என்ற பக்கத்தில் முதலாவதாக எழுதினார். தை மாதம் புது மனைவியோடு வந்து பெட்டியை வாங்கிய கிருஷ்ணமூர்த்தி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதெப்படி மாஸ்டர் பலமாகும்?" என்று கேட்டான். "உமக்குக் கல்யாணம் ஆகிட்டுதுதானே, போகப் போக விளங்கும்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து காலை அசைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு காரில் ஏறினார். சத்தியம் பண்ணியது வாய், கால் அல்ல. முதல் சந்தியிலேயே கார் நின்றது. வசந்தமலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தியாகராஜா சப்பாத்துகளைக் கழற்றினார். ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் மேலே தூக்கி, சாப்பாட்டுக்கு இருக்கிற மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதற்கு மேலால் பெல்ற்றையும் கட்டினார்.

"இப்ப எடும்" என்றார்.

மூன்று கிழமை பார்க்கிங் அந்தக் காட்சியைப் பார்த்தது. கூரையில் பயிற்சிப் பலகை, முன்னும் பின்னும் பழகுநருக்கான எல் பலகை, ஸ்ரியறிங்கில் ஒரு பெண், பக்கத்தில் கண்ணை இறுக மூடியபடி சம்மணம் கொட்டிய ஒரு மனிதர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்ரர் இப்போது தியானமும் பழக்குகிறாராம் என்று கோயிலில் ஒரு கதை உலாவியது. அதை விசாரித்து இரண்டு பேர் தொலைபேசியும் எடுத்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காலைக் கீழே வைக்க அவர் தன்னை நம்பவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் எலுமிச்சம்பழங்களோடு வெளியே போனவரை வசந்தமலர் வாசலில் மறித்தாள். "நாலு காணும், எட்டு வேண்டாம்" என்றாள். மிச்சம் நாலையும் அவர் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரெஸ்ற் நிலையத்தில் கார் புறப்பட்டுப் போனதும், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து நாற்பது நிமிடமும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். இங்கே மிதித்தால் யாருக்கும் பழுதில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பயிற்றுநர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கார் திரும்பி வந்து நின்றது. உள்ளே பரீட்சகர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், நீண்ட நேரம் சொன்னார். பிறகு இறங்கிப் போனார். வசந்தமலர் இறங்கவில்லை. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். தியாகராஜா பையிலிருந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். அந்தச் சின்ன நடையில், ஏசக்கூடாது, ஒரு சொல்லும் ஏசக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"ஏறுங்கோ" என்றாள். "வீட்டை நான் ஓடுறன். அந்த எல் பலகை ரெண்டையும் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

முன்னால் இருந்ததைக் கழற்றும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் இருந்ததைக் கழற்றுகிற சாட்டில் காருக்குப் பின்னால் குந்தியிருந்து அழுது முடித்தார். ஏறியதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிச் சம்மணம் போட்டார். அவள் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழியில் ஒரு சீப்ரா கடவை. பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சட்டென்று இறங்கினாள். தியாகராஜாவின் கால் துடித்தது. துடித்த கால் தொடைக்குக் கீழே அகப்பட்டுக் கிடந்தது. கார் மெதுவாக, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, கோட்டுக்கு முன்னால் நின்றது. அந்தப் பெண் கையைக் காட்டிவிட்டுப் போனாள். வசந்தமலரும் கையைக் காட்டினாள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்க்காத ஒரு முகம் அவளுக்கு இருந்தது, அதைப் பார்த்தபடியே வந்தார்.

வீட்டு வாசலில் அவள் காரை நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை இழுத்து, சாவியை எடுத்து, இறங்கி, கதவைப் பூட்டப் போனாள். தியாகராஜா இன்னும் உள்ளேயே இருந்தார்.

"இறங்கேல்லையோ?"

"கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு. அசைக்க ஏலாமல் கிடக்கு."

அவள் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்துக்கு வந்தாள். அவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் அவசரமாகக் கதவைத் திறக்கக் கையை நீட்டினார். வெளியில் நின்றபடியே அவள் கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியைப் பாத்திட்டுத் திறவுங்கோ மாஸ்ரர்" என்றாள்.